இரண்டு பத்துக்குப் போனால் சாப்பாடு இல்லை: பெரிகோர் கிராமத்து உணவகங்கள் பற்றி

நீங்கள் கேட்டிருப்பது இது. ஜெர்மனியிலிருந்து காரில் வந்து, பிரான்சின் தென்மேற்கே, பெரிகோர் என்று பழைய பெயரால் அழைக்கப்படும் தோர்தோன் மாவட்டத்தில் ஒரு கிராமத்து உணவகத்துக்குள் மதியம் இரண்டு பத்துக்கு நுழைந்திருக்கிறீர்கள். ஏழெட்டு மேசைகளில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இரண்டு மேசை காலியாகவும் இருந்தது. பரிமாறும் பெண் தலையை ஆட்டி, முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார். செப்டம்பரில் அப்பா அம்மாவோடு அதே பக்கம் ஒரு வாரம் தங்கப் போகிறீர்கள், அம்மா சைவம், எப்படிச் சமாளிப்பது? இதற்கு நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது: "எங்களைப் பார்த்ததும் அப்படிச் சொன்ன மாதிரி இருந்தது." நீங்கள் கேட்க வந்ததே அந்த வரியைத்தான் என்று தோன்றுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் புதுச்சேரிக்காரன். தோர்தோனில், சார்லா ஊருக்குப் பக்கத்தில், பதினோரு வருடம் உணவகங்களில் வேலை பார்த்தேன். முதலில் பாத்திரம் கழுவினேன், அப்புறம் சமையல்காரருக்குக் கையாள், கடைசி ஆறு வருடம் மேசைகளைப் பார்த்துக்கொண்டேன். உங்களை அனுப்பிய அந்தப் பெண் செய்த வேலையை நானும் செய்திருக்கிறேன். இரண்டு மணிக்கு மேல் வந்தவர்களிடம் "இல்லை" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பாரிஸ்காரர்கள், டச்சுக்காரர்கள், இந்தப் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய ஆங்கிலேயர்கள், ஒருமுறை தோளின் குறுக்கே பட்டை அணிந்த பக்கத்து ஊர் மேயர். அவருக்கும் இல்லைதான்.

இரண்டு மணிக்கு உள்ளே என்ன நடக்கும் என்று சொன்னால் புரியும். கிராமத்து உணவகம் என்றால் உள்ளே ஒரு சமையல்காரர், கழுவ ஒருவர், வெளியே பரிமாற ஒருவர். பல இடங்களில் சமைப்பது கணவன், பரிமாறுவது மனைவி. காலை ஒன்பது மணிக்கு வந்து, இன்றைக்கு முப்பத்தைந்து பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு அவ்வளவுக்குத்தான் தயார் செய்வார்கள். பன்னிரண்டு அடித்ததும் கட்டட வேலைக்காரர்கள், மின்சார வேலை செய்பவர்கள், தபால்காரர் என்று வேன்கள் வந்து நிற்கும். ஒன்றரைக்குக் கடைசி ஆர்டர் உள்ளே போகும். ஒன்று ஐம்பதுக்கு அடுப்பை அணைத்து, எண்ணெய்ச் சட்டியை மூடி, தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். நீங்கள் பார்த்த ஏழெட்டு மேசைக்காரர்கள் இனிப்பிலோ காப்பியிலோ இருந்திருப்பார்கள். மேசைகள் நிறைந்திருந்தாலும் சமையலறை மூடியாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே வேலை நேரம் இரண்டு துண்டு. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை, பிறகு மாலை ஆறிலிருந்து பத்தரை, பதினொன்று வரை. நடுவில் இருக்கும் இடைவெளிக்குக் குப்பூர் என்று பெயர். அந்த மூன்று மணி நேரத்தில்தான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், துணி துவைக்க வேண்டும், கொஞ்சம் கண்ணயர வேண்டும். இரண்டு பத்துக்கு ஒரு குடும்பத்தை உட்கார வைத்தால் அவர்கள் எழுந்திருக்க மூன்றரை ஆகும், ஏனென்றால் அங்கே யாரும் ஒரு தட்டோடு சாப்பாட்டை முடித்துக்கொள்வதில்லை. அப்புறம் மூன்று பேரின் குப்பூரும் போச்சு. முதலாளிகள் பணத்தை விட்டாலும் இதை விடமாட்டார்கள்.

ஆக, உங்களுக்கு நடந்ததற்கு நேரம்தான் காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் நான் அங்கே நிற்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். நிறம் பார்ப்பதே கிடையாது என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கே நடந்திருக்கிறது. விடுமுறை நாளில் பக்கத்து மாவட்டத்தில் ஓர் ஊர், பகல் பன்னிரண்டரை மணி. இடமில்லை, எல்லாம் முன்பதிவு என்றார்கள். வெளியே வந்து காரில் சாவி போடுவதற்குள், எனக்குப் பின்னால் நின்ற நான்கு பேரை உள்ளே கூட்டிப் போனார்கள். அவர்கள் முன்பதிவு செய்திருந்தார்களோ என்னவோ. ஆனால் மேசைகளின் மேல் பெயர் எழுதிய சீட்டு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் சின்னதுதான்: உங்களுக்குப் பிறகு வந்தவருக்கு, முன்பதிவு இல்லாமல், இடம் கிடைத்ததா? கிடைத்திருந்தால் சந்தேகப்படலாம். இரண்டு பத்துக்கு அனுப்பப்பட்டதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட முடியாது. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பிறப்பையோ நிறத்தையோ காரணமாக வைத்து உணவகத்தில் பரிமாற மறுப்பது பிரெஞ்சுக் குற்றவியல் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உரிமைப் பாதுகாவலர் அலுவலகத்தில், தெஃபான்சர் தே துருவா என்பார்கள், காசில்லாமல் புகார் கொடுக்கலாம். நிரூபிப்பதுதான் கடினம்.

சரி, செப்டம்பருக்கு வருவோம். மதியம் பன்னிரண்டேகாலுக்கு மேசையில் இருங்கள். ஒரு மணிக்குப் போனாலும் கிடைக்கும், ஆனால் அன்றைய தட்டு தீர்ந்திருக்கலாம். இரவு என்றால் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் பாதிக்குமேல் மூடியிருக்கும். சில இடங்களில் புதன்கிழமையும் விடுமுறை. கோடையில் தினமும் திறந்திருந்த கடை, செப்டம்பர் முதல் வாரம் பள்ளி திறந்ததும் பழையபடி நாட்களைக் குறைத்துக்கொள்ளும். இணையத்தில் போட்டிருக்கும் நேரம் போன கோடையினுடையதாகக்கூட இருக்கும், அதை நம்பிக் காரை எடுக்காதீர்கள். போன் செய்யுங்கள், காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள். பன்னிரண்டரைக்குப் போன் அடித்தால் இரண்டு கையிலும் தட்டோடு நிற்பவர் எரிந்துதான் விழுவார். "நாலு பேர், நாளை மதியம்" என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னால் போதும். பெயர் கேட்பார்கள். நம் பெயர்களை எழுத்துக்கூட்டி மாளாது, நான் எப்போதும் சின்னதாக ஒரு பெயர் சொல்லிவிடுவேன்.

உள்ளே நுழைந்ததும் வாயிலிருந்து வரும் முதல் சொல் போன்ஜூராக இருக்க வேண்டும். நம் ஊரில் கடைக்குள் போனதும் "இரண்டு காபி" என்று கேட்பதில் தப்பே இல்லை. அங்கே வணக்கம் சொல்லாமல் எதையாவது கேட்டால் அது முகத்தில் அடித்த மாதிரி. நானும் முதல் வருடம் இதைக் கடுகடுப்பு, நிறவெறி என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன்ஜூர் சொல்லப் பழகிய பிறகு பாதிப்பேரின் முகம் மாறிவிட்டது. காலியாக இருக்கிறதே என்று நீங்களாகப் போய் உட்காரவும் வேண்டாம், அவர்கள் கைகாட்டும்வரை வாசலருகே நில்லுங்கள்.

மெனு என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் மெனு என்று சொல்லும் அட்டைக்கு அங்கே கார்த் என்று பெயர். மெனு என்றால் ஒரே விலைக்கு முன்தட்டு, முக்கியத் தட்டு, பாலாடைக்கட்டி அல்லது இனிப்பு எல்லாம் சேர்ந்த முழுச் சாப்பாடு. அதில் இரண்டை மட்டும் எடுத்தால் ஃபோர்முல். ஆந்த்ரே என்றால் முன்தட்டு, அமெரிக்காவில் சொல்வதுபோல் முக்கிய உணவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய சமையல் பெரும்பாலும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். ஒரு விஷயம் உறுதியாகச் சொல்கிறேன்: வார நாளில் மதியம் கரும்பலகையில் இருப்பதைச் சாப்பிடுங்கள். அதே சமையல்காரர், அதே அடுப்பு, இரவில் கார்த்தில் கேட்டால் விலை இரட்டிப்பாகும்.

தொழிலாளர்கள் சாப்பிடும் உணவகங்களை உங்கள் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும். லே ரூத்தியே என்ற சிவப்பும் நீலமுமான வட்டப் பலகை சிலவற்றில் மாட்டியிருக்கும், 1934-இல் லாரி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கிய வழிகாட்டி அது. நான் கடைசியாகச் சாப்பிட்டபோது முழு மெனு 15 முதல் 18 யூரோ, கால் லிட்டர் வைன் அதிலேயே சேர்த்தி. முதலில் மூடி போட்ட பெரிய கிண்ணத்தில் சூப் மேசைக்கு வரும், எவ்வளவு வேண்டுமோ ஊற்றிக்கொள்ளலாம். பெரிகோரில் அது தூரானாக இருந்தால் அதிர்ஷ்டம். பூண்டை வாத்துக் கொழுப்பில் சிவக்காமல் வதக்கி, மாவு தூவித் தண்ணீர் விட்டு, முட்டை வெள்ளையை நூல்நூலாக ஊற்றி, கடைசியில் மஞ்சள் கருவை வினிகரோடு கலந்து சேர்ப்பார்கள். அடியில் காய்ந்த ரொட்டித் துண்டு. பக்கத்து மேசையில் வயதானவர் யாராவது சூப் முடியும் தறுவாயில் மிச்சத்தில் சிவப்பு வைனை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, தட்டைத் தூக்கி வாயில் வைத்துக் குடிப்பார். இதற்கு ஷப்ரோல் என்று பெயர். நாகரிகமில்லை என்று நினைத்துப் பார்வையைத் திருப்பாதீர்கள், ரசித்துப் பார்த்தால் உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்.

இனி அம்மா. இதுதான் கஷ்டமான பகுதி, மழுப்ப விரும்பவில்லை. பெரிகோரின் சமையலுக்கு எண்ணெய் என்பதே வாத்துக் கொழுப்புதான். மேலே சொன்ன பூண்டு சூப் பார்க்கச் சைவம், ஆனால் இல்லை. சார்லா உருளைக்கிழங்கு என்று எல்லாப் பலகையிலும் இருக்கும், மெல்லிய வில்லைகள், பூண்டு, பார்ஸ்லி, மொறுமொறுவென்று வரும். அதுவும் வாத்துக் கொழுப்பில் பொரித்ததுதான். பெரிகோர் சாலட் என்று கேட்டால் இலைக்கும் வால்நட்டுக்கும் நடுவில் வாத்தின் இரைப்பை இருக்கும், நம் கோழிக்கடையில் கந்தனக்காய் என்பார்களே, அதுதான். வெறும் பச்சைச் சாலட்டில்கூடப் பன்றி இறைச்சித் துணுக்கைத் தூவிக் கொடுக்கிற கை அது. "நான் வெஜிதேரியன்" என்று சொன்னால், அப்படியா என்று சால்மன் மீன் கொண்டு வந்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் கிடையாது, மீன் இறைச்சியில் சேராது என்பது அவர்கள் கணக்கு.

அதனால் அடையாளப் பெயரைச் சொல்லாமல் பொருட்களைச் சொல்லுங்கள். "மா மேர் நு மான்ஜ் நி வியாந்த், நி புவாசோன், நி க்ரேஸ் து கனார்." என் அம்மா இறைச்சியும் சாப்பிடமாட்டார், மீனும் சாப்பிடமாட்டார், வாத்துக் கொழுப்பும் சாப்பிடமாட்டார் என்று அர்த்தம். இதைப் போனிலேயே, முந்தின நாளே சொல்லிவிட்டால் எந்தச் சமையல்காரரும் ஏதாவது செய்வார். பன்னிரண்டரை மணிக்கு மேசையில் வைத்துச் சொன்னால் வேகவைத்த பீன்ஸ்தான் வரும். அம்மா முட்டை சாப்பிடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுவார் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மழை பெய்திருந்தால் செப்டம்பரில் காட்டுக் காளான் செப் வரும், செப் ஆம்லெட்டுக்கு ஈடு இணை கிடையாது. வெண்ணெயில் போடச் சொல்லுங்கள். முட்டையும் இல்லை என்றால் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. கபெகூ என்று உள்ளங்கையில் அடங்குகிற வட்டம், ரொட்டித் துண்டின் மேல் வைத்துச் சுட்டு, தேனும் வால்நட்டும் போட்டுச் சாலட்டோடு தருவார்கள். அதிலும் ஒரு சிக்கல் சொல்லியாக வேண்டும். இந்தப் பாலாடைக்கட்டிகளைத் திரிக்க வழக்கமாகச் சேர்ப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பிரசூர். அது கூடாது என்பவராக அம்மா இருந்தால், கடையில் லேபிளைப் படித்து வாங்கலாம், உணவகத்தில் கேட்டால் பரிமாறுபவருக்கே தெரிந்திருக்காது. நம் வீடுகளில் சைவம் என்பவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை, முடிவு அம்மாவுடையது.

உங்களில் மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பழுப்பு நிறச் சாஸ் பெரும்பாலும் கன்று எலும்புச் சாற்றில், ஃபோன் து வோ என்பார்கள், அதில்தான் தொடங்கும். தட்டில் இருப்பது வாத்தாகவோ பன்றியாகவோ இருக்கலாம், ஊற்றியது அதுவாக இருக்கும். சாஸ் தனியாகவோ வேண்டாம் என்றோ சொல்லிவிடலாம். கறி சாப்பிடுபவர்களுக்கு: வாத்து மார்பு, மக்ரே, உள்ளே சிவப்பாகத்தான் வரும். அது வேகாதது என்று திருப்பி அனுப்பினால் சமையல்காரருக்கு நெஞ்சு வலிக்கும். நன்றாக வெந்தது வேண்டும் என்றால் மக்ரேயை விட்டுவிட்டுக் கொன்ஃபி கேளுங்கள். உப்பிட்ட வாத்துக் காலை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்காக வேகவைத்தது, எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். ஃபுவா கிரா பற்றி ஒரு வரி மட்டும். வாத்துக்கு வலுக்கட்டாயமாக இரை ஊட்டி ஈரலைப் பெருக்க வைத்துச் செய்வது அது. பிரான்ஸ் 2006-இல் அதைத் தன் உணவுப் பாரம்பரியம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் மனசு. வேண்டாம் என்று ஒதுக்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எது நல்ல கடை என்று வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுதான். வாணலிக்கு மூடியாக வீட்டுக்கூரை போட்ட படம் ஒன்று இருக்கும், ஃபே மெசோன், வீட்டுச் சமையல் என்று பொருள். 2014-இல் சட்டமாகக் கொண்டு வந்தார்கள். பச்சைப் பொருளிலிருந்து அங்கேயே சமைத்தது என்பதுதான் அதற்கு அர்த்தம், ஆனால் அந்தப் பச்சைப் பொருள் உறைபெட்டியிலிருந்து வந்திருக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. படம் இல்லாத நல்ல கடைகளும் நிறைய உண்டு, கிழவர்களுக்குப் படம் ஒட்டப் பொறுமை கிடையாது. செப்டம்பரில் கறுப்பு ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் காளான்) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் தயங்குங்கள். பெரிகோரின் கறுப்பு ட்ரஃபிள் குளிர்காலத்துச் சரக்கு, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் புதிதாகக் கிடைக்கும். செப்டம்பரில் வருவது டப்பாவில் அடைத்ததோ, வேறு வகையோ, வெறும் வாசனை எண்ணெயோ. அட்டை நாலு மொழியில், அறுபது வகையோடு இருந்தால் நான் நடையைக் கட்டுவேன். கரும்பலகையில் இரண்டே முக்கியத் தட்டு, அதில் ஒன்று அழித்து மாற்றி எழுதியது என்றால் நான் உட்கார்ந்துவிடுவேன்.

காசு விஷயம் சுருக்கமாக. எழுதியிருக்கும் விலையில் வரியும் பரிமாறும் கட்டணமும் அடக்கம், 1987 முதல் அதுதான் விதி. அதற்கு மேல் கொடுப்பது உங்கள் இஷ்டம். நாலு பேர் திருப்தியாகச் சாப்பிட்டால் இரண்டு மூன்று யூரோ மேசையில் விட்டுவிட்டு வருவார்கள், விடாதவர்களை யாரும் குறைவாக நினைப்பதில்லை. ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசு கிடையாது. ஆனால் "தண்ணீர்" என்று மட்டும் கேட்டால் பாட்டில் வந்துவிடும், "கராஃப் தோ" என்று கேளுங்கள். பில் தானாக வராது. கொண்டு வந்து வைத்தால் எழுந்து போங்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பதால், நீங்கள் கேட்கும்வரை ஒருமணி நேரம் ஆனாலும் காத்திருப்பார்கள். உங்களைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பண்ணை உணவகங்கள், ஃபெர்ம் ஓபெர்ஜ், ஒருநாளாவது போங்கள். பெரும்பாலும் தங்கள் பண்ணையில் விளைந்ததையும் வளர்த்ததையும்தான் சமைப்பார்கள், முன்பதிவு இல்லாமல் கதவே திறக்காது. வாத்துப் பண்ணை என்றால் அம்மாவுக்கு அங்கே ஒன்றும் இருக்காது, அவரை அழைத்துப் போக வேண்டாம். கிராமத்துச் சதுக்கத்தில் நீள மேசை போட்டு நடக்கும் இரவுச் சந்தைகள் அம்மாவுக்கு நன்றாக இருந்திருக்கும், தட்டும் கரண்டியும் வீட்டிலிருந்து கொண்டுபோய், கடை கடையாக வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் அவை ஜூலை, ஆகஸ்டுக் கொண்டாட்டம். செப்டம்பருக்குப் பகல் சந்தைதான். சார்லாவில் புதனும் சனியும், லெ பூகில் செவ்வாய், சான் சிப்ரியானில் ஞாயிறு. ஒன்பது மணிக்குப் போய் ரொட்டி, கபெகூ, தக்காளி, அத்திப்பழம், வால்நட் கேக் வாங்கிக் காரில் வைத்துக்கொண்டால், அன்று மதியம் எந்தக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

மறுபடியும் இரண்டு பத்து ஆகிவிட்டால்? கிராமத்துக்குள் அலையாதீர்கள், ரொட்டிக்கடையும் பன்னிரண்டரைக்கு மூடி மூன்றரைக்குத்தான் திறக்கும். நேராக சார்லா, பெரிகு, பெர்ஜெராக் மாதிரி ஊருக்கு விடுங்கள். பலகையில் "செர்வீஸ் கொந்தினு" என்று போட்டிருக்கும் இடத்தில் நாள் முழுக்கச் சமையல் உண்டு. சாப்பாடு சுமார்தான். அதுவும் கண்ணில் படவில்லையென்றால் துருக்கிக் கெபாப் கடை திறந்திருக்கும், அங்கே ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை கேளுங்கள், அம்மா தாராளமாகச் சாப்பிடலாம்.